படத்துக்கு வெளியே நின்றவர்கள்

எங்கள் மகள் பதினொரு மாதம் உயிரோடிருந்தாள். அந்தப் பதினொரு மாதமும் வீட்டில் ஒரு நல்ல கமரா இருந்தது. அவளுடைய படம் மட்டும் ஒன்றுகூட இல்லை. இதைக் கேட்பவர்கள் முதலில் நம்புவதில்லை. பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழகிவிட்டது.

அப்போது நான் திருகோணமலை உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்களுக்குக் கடதாசி வேலை செய்துகொடுக்கும் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். காலைச் சாப்பாட்டுப் பாணுக்கே வரிசையில் நின்றோம். அந்த நேரத்தில் தேயிலை ஏற்ற வந்த ஒரு கப்பலின் வயர்லஸ்காரர் தன் பழைய ஜெர்மன் கமராவையும் நாலு பிலிம் சுருளையும் என்னிடம் விற்றுவிட்டுப் போனார். கூடவே அவர் வாசித்து முடித்த புகைப்படச் சஞ்சிகைகள் ஒரு கட்டு. அவற்றில் இருந்த படங்களைப் போல நான் அதற்கு முன் எதையும் கண்டதில்லை. ஸ்டூடியோவில் பூச்சாடிக்குப் பக்கத்தில் விறைத்துப்போய் நிற்பதுதான் படம் என்று நினைத்திருந்தவன் நான். அதில் ஒரு பக்கம் முழுக்க ஈரமான ஒரு கல். இன்னொரு பக்கத்தில் சுவரில் விழுந்த கதிரையின் நிழல். இதையும் படம் என்று எடுப்பார்களா? எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

என் கூட்டாளி ஒருவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்தான். கிண்ணியாவைச் சேர்ந்தவன், என் வயதுதான். பிலிம் கழுவுவது அவனுக்குத் தொழில். வீட்டில் ஒரு அறையை இருட்டறையாக்கி, படம் பெருப்பிக்கும் இயந்திரம் ஒன்றும் வைத்திருந்தான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் சஞ்சிகைகளைக் கிழியுமட்டும் வாசித்தோம். பிலிம் கிடைக்காத காலத்தில் எப்படிப் பழகுவது? அவன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். சப்பாத்துப் பெட்டியின் அட்டையில் நீள்சதுரமாக ஒரு ஓட்டை வெட்டித் தந்தான்.

"மச்சான், முதல்ல இதுக்குள்ளால பார். எதை உள்ளுக்கு எடுக்கிற, எதை வெளியில விடுற எண்டதுதான் முழு வித்தையும். வெளியில விடப் பழகினாத்தான் கலை வரும்."

ஒரு வருடம் அந்த அட்டையோடு திரிந்தேன். கந்தோருக்குப் போகும்போது அது சட்டைப் பையில் இருக்கும். பாரந்தூக்கி, பஸ் நிலையத்துக் கூரை, கோட்டை வாசலில் படுத்திருக்கும் மான்கள், எல்லாவற்றையும் அதற்குள் வைத்துப் பார்த்தேன். வெளிச்சத்தை அளக்கும் கருவி கிடையாது. நிலத்தில் விழும் நிழலின் ஓரம் எவ்வளவு கூராக இருக்கிறது என்று பார்த்து, கமராவை எந்த எண்ணில் வைப்பது என்று இரண்டு பேரும் ஆளையாள் கேட்டுச் சோதித்துக்கொள்வோம். அது எவ்வளவு சந்தோஷமான காலம் என்று இன்றைக்கு எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மகள் பிறந்தபோது மூன்று சுருள் முடிந்து ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. கொழும்பில் ஒரு கண்காட்சிக்குப் படம் கேட்டிருந்தார்கள். அந்தக் கடைசிச் சுருளில் எனக்கு ஒரே ஒரு நல்ல படம் வேண்டும். அதற்காக ஒவ்வொரு சொடுக்கையும் பத்துத் தரம் யோசித்தேன். பிள்ளை பிறந்த துடக்கு முப்பத்தோராம் நாள் கழிந்தபோது மனைவி கேட்டாள், "பிள்ளையை ஒண்டு எடுங்கோவன்."

அவளுடைய தாய் உடனே மறித்தா. "ஒரு வயசுக்கு முந்திப் பிள்ளையளைப் படம் பிடிக்கக் கூடாது. ஆயுசுக்குக் கூடாது."

எனக்கு இந்த நம்பிக்கைகளில் துளியும் பற்றில்லை. ஆனால் அன்றைக்கு, "மாமி சொல்லுறதிலயும் ஒரு நியாயம் இருக்கும்தானே" என்றேன். மாமி சொன்னதை நான் ஒரு சாட்டாக வைத்துக்கொண்டேன். உண்மையான காரணம் பிலிம். கமராவைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை கலைப்படம் ஆகாது என்று நான் படித்திருந்தேன்.

அவளுக்குப் பத்து மாதமாக இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலாவெளிக்குப் போனோம். கரைவலை இழுப்பதைப் படமெடுக்க வேண்டும் என்று பல நாளாக ஆசை. காலை வெயில் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. கயிறைத் தோளில் போட்டுப் பின்பக்கமாகச் சரிந்து இழுக்கும் ஆட்கள். அவர்களின் நிழல் ஈர மணலில் நீளமாக விழுந்தது. நான் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு கமராவுக்குள் பார்த்தேன். சஞ்சிகையில் வந்தால் முழுப் பக்கம் போடுவார்கள், அப்படி ஒரு காட்சி. அப்போது வலது ஓரத்தில் மனைவியின் சேலை நுழைந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள்.

"இஞ்சருங்கோ, இவள் கயிறைப் பாத்துத் துள்ளுறாள். ஒண்டு எடுங்கோவன்."

"கொஞ்சம் தள்ளி நில்லும். படத்துக்குள்ள வாறீர்."

அவள் தள்ளிப்போனாள். நான் ஐந்து படம் எடுத்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது பிள்ளை என் மடியில் நித்திரை. நான் படத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் வலிப்பு. ஆஸ்பத்திரியில் தங்களால் ஏலுமானதெல்லாம் செய்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டாள். அதைப்பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஏலாது.

அடக்கம் முடிந்து ஒரு கிழமை போயிருக்கும். பாலையூற்றில் எங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்த ஒரு அம்மா, வெள்ளை மனதோடுதான், "பிள்ளையின்ர படம் ஒண்டு இருந்தாத் தாங்கோ, பாப்பம்" என்று கேட்டா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மனைவி எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்தாள். நான் எடுத்துப் பெருப்பித்து அடுக்கி வைத்திருந்த படங்கள் முழுவதையும் கொண்டுவந்து அந்த அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் பரப்பினாள்.

"பாருங்கோ. இது கல்லு. இது கடல். இது துறைமுகத்துத் துருப்பிடிச்ச சங்கிலி, இதை மட்டும் நாலு தரம் எடுத்திருக்கிறார்." பிறகு என்னைப் பார்த்தாள். "என்ர பிள்ளை ஒரு சங்கிலிக்குக்கூடப் பெறுமதியில்லாமல் போனாளோ?"

வந்த அம்மா சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போய்விட்டா. நான் குனிந்து படங்களைப் பொறுக்கினேன். அதில்கூட, ஈரக் கையால் தொட்டுவிடக் கூடாது என்று ஓரத்தில் பிடித்துப் பொறுக்கினேன். என் கை அப்படிச் செய்ததை நானே பார்த்தேன்.

அன்றிலிருந்து நான் தேடத் தொடங்கினேன். யாராவது எங்கேயாவது தற்செயலாகவேனும் என் பிள்ளையைப் படமெடுத்திருக்க வேண்டும். மனைவியின் ஒன்றுவிட்ட தங்கைக்கு மூன்று மாதம் முன்பு கல்யாணம் நடந்தது. பிள்ளையோடு போயிருந்தோம். கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு, அந்தக் கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் நல்ல மனிதர். நெகட்டிவ் முழுவதையும் எடுத்து மேசையில் வைத்து, பூதக்கண்ணாடியையும் தந்தார். குடும்பப் படத்தில் மனைவி இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்க உள்ளே போயிருந்தாள். பந்தியில் இல்லை. தாலி கட்டும் படத்தில் கூட்டத்துக்குள் அவளுடைய சேலையைக் கண்டுபிடித்தேன்.

"அண்ணை, இதில உங்கட மனுசியின்ர முதுகுதான் தெரியுது" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"முன்னுக்குப் பிள்ளையை வைச்சிருக்கிறா."

"ஓம் அண்ணை. ஆனா படத்தில முதுகுதானே இருக்கு."

அதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்து பூதக்கண்ணாடியை மெதுவாக வாங்கி வைத்தார்.

மிச்சமிருந்தது ஒன்றுதான். கமராவுக்குள் இருந்த சுருள். முப்பத்தாறு படத்தில் முப்பத்து மூன்று எடுத்தாகிவிட்டது. நிலாவெளிப் படங்கள் ஐந்தும் அதற்குள்தான் இருந்தன. நான் தள்ளி நிற்கச் சொன்னது முதல் சொடுக்குக்கு முன்பா, பின்பா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. கந்தோரில் இருந்துகொண்டு ஆள்காட்டி விரலை மேசையில் அமத்தி அமத்திப் பார்ப்பேன். விரல் முதலா, வாய் முதலா? ஒரு நாள் அவர்கள் அதில் இருக்கிறார்கள் என்று நிச்சயமாகத் தோன்றும். அடுத்த நாள் இல்லவே இல்லை என்று தோன்றும்.

கூட்டாளியிடம் போனேன். பிலிம் கழுவும் மருந்துத்தூள் அவனிடம் ஒரே ஒரு பக்கற் இருந்தது. அதைத் தர அவன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஆனால் வேறொன்று சொன்னான்.

"இப்ப வேணாம் மச்சான். இது கச்சான் காத்து அடிக்கிற காலம். கிணத்துத் தண்ணியே சுடுது. பிலிமில இருக்கிற பூச்சு சூட்டுக்கு இளகிப்போகும். மாரி வரட்டும். ரெண்டு மூணு மாசந்தானே."

"ஏலாது."

"சொல்லுறதைக் கேள். அவசரப்பட்டா உள்ளதும் போயிரும்."

"உன்ர பிள்ளையெண்டா ரெண்டு மூணு மாசம் பொறுப்பியோ?"

அவனுக்கு மூன்று பிள்ளைகள். கேட்டவுடனேயே நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அவன் கோபிக்கவில்லை. "அப்பிடியெண்டா ஐஸ் கொண்டுவா. நிறையக் கொண்டுவா" என்றான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவன் வீட்டில் இருப்பான். மீன் ஏற்றும் இடத்தில் ஒரு பெரிய ஐஸ்கட்டி வாங்கி, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டினேன். கிண்ணியாவுக்குப் போக அந்நாளில் பாலம் இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையில்தான் போக வேண்டும். அதை நாங்கள் பாதை என்போம். அன்றைக்குப் பாதை பழுது. வெயிலில் வரிசையாக லொறிகளும் மனிதர்களும். சைக்கிளின் பின்னால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது. நான் சட்டையைக் கழற்றிச் சாக்கின் மேல் போட்டேன். குடையோடு நின்ற ஒரு பெரியவரிடம் போய், "ஐயா, இந்தக் குடையைக் கொஞ்சம் இதுக்கு மேல பிடிப்பீங்களோ?" என்று கேட்டேன். அவர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மீன் என்று நினைத்திருப்பார். பிடித்தார். பாதை வெளிக்கிட இரண்டு மணித்தியாலம் ஆனது. கூட்டாளி வீட்டில் சாக்கைப் பிரித்தபோது ஒரு தேங்காயளவு ஐஸ்தான் இருந்தது.

அவன் அதைப் பார்த்துவிட்டு, "கடைசியாக் கேக்கிறன். விடுவமா?" என்றான்.

"இல்லை. இண்டைக்கே செய்வம்."

யன்னல்களைப் போர்வையால் மூடிக்கொண்டு தொடங்கினோம். உள்ளே மூச்சு முட்டியது. மருந்தைக் குளிர வைக்க ஐஸ் போதுமாக இருந்தது. பிலிமில் படத்தை நிலைக்க வைக்கும் இரண்டாவது மருந்துக்கும் ஒருமாதிரிச் சமாளித்தோம். கடைசியில் கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான். அவன் அதில் நனைத்துச் சுருளை வெளியே எடுத்து, யன்னல் போர்வையை விலக்கினான்.

படங்கள் வந்திருந்தன. கயிறு, ஆட்கள், மணல். நிலாவெளியின் முதலாவது படத்தில், ஓரத்தில், அவர்கள் நின்றார்கள். மனைவி, அவள் இடுப்பில் பிள்ளை. நெகட்டிவ் என்பதால் முகம் கறுப்பாகவும் தலைமயிர் வெள்ளையாகவும் இருந்தது. நகத்தளவுகூட இல்லை. ஆனால் முகம். அவளுடைய முகம்.

"தொடாத, மச்சான். ஈரம் காயட்டும்" என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. முகத்தின் மேல் ஒரு நீர்த்துளி நின்றது. அது முகத்தை மறைத்தது. நான் அதைப் பெருவிரலால் துடைத்தேன்.

சூட்டில் இளகியிருந்த பூச்சு பாலாடை மாதிரி விரலோடு வழுகி வந்தது. என் விரலில் ஒரு சாம்பல் நிறம். பிலிமில் அந்த இடம் வெறும் கண்ணாடி.

கூட்டாளி சுருளை என் கையிலிருந்து எடுத்துக் கொடியில் தொங்கவிட்டான். நான் நிலத்தில் இருந்தேன். அவனுடைய மனைவி வாசலில் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. விரலை நான் கழுவவில்லை. அந்தச் சாம்பல் தானாக உலர்ந்து உதிருமட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மிஞ்சியது மனைவியின் இடுப்புக்குக் கீழே தெரிந்த பிள்ளையின் ஒரு கால். முழங்காலிலிருந்து பாதம் வரை. அவன் அதைப் பெரிதாக்கித் தந்தான். வீட்டுக்குக் கொண்டுபோய், குசினியில் இருந்த மனைவியிடம் கொடுத்தேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மேல எங்க?"

"வெக்கையில கரைஞ்சுபோச்சு."

"காலை மட்டும் வைச்சு நான் என்ன செய்ய?" என்றாள். சத்தம் போடவில்லை. படத்தைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். அடுத்த நாள் காலை லோஞ்சுப் படகில் மூதூருக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் சனிக்கிழமைகளில் போவேன். மாமி சாப்பாடு போடுவா. மனைவி அறையை விட்டு வரமாட்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுப் பின்னேர லோஞ்சில் திரும்பி வருவேன். ஒருநாள் குடாவின் நடுவில் லோஞ்சின் விளிம்பில் இருந்தபோது, இப்படியே சரிந்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த ஒரு மனிதர் என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, "கவனம் தம்பி, கடல் ஆடுது" என்றார். கடல் அன்றைக்கு ஆடவில்லை.

மாரி தொடங்கிய பிறகு அவள் தானாகத் திரும்பி வந்தாள். ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. சில நாட்கள் சாதாரணமாகப் போயின. ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "பிள்ளைக்கு மச்சம் இருந்தது இடது காதுக்குப் பின்னாலதானே?" என்று கேட்டாள்.

"வலது காதுக்குப் பின்னால" என்றேன்.

"இல்லை. இடது. நான் பால் குடுக்கேக்க பாக்கிறனான்."

"தோளில போட்டு நித்திரையாக்கிறது நான். வலது."

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. குரல் உயர்ந்தது. பிறகு அவள் சட்டென்று நிறுத்தினாள். "எனக்கும் இப்ப நிச்சயமாத் தெரியேல்லை" என்றாள். அவளுடைய கண்களில் இருந்த பயத்தை அதற்கு முன் நான் ஒருவரிடமும் கண்டதில்லை. "முகமும் போகுது. கண்ணை மூடினா முந்தி உடனே வரும். இப்ப வரேல்லை."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அதற்கு மேல் மறைக்க ஏலவில்லை. சோற்றுக் கையோடு எல்லாவற்றையும் சொன்னேன். வெக்கையில் தானாகக் கரையவில்லை, முகம் இருந்தது, நான் கண்டேன், என் விரலால்தான் அழித்தேன் என்று சொன்னேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கிட்ட வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்டனீங்களோ? எப்பிடி இருந்தவள்? சிரிச்சவளோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் போதும், அவள் அதை வைத்துக்கொண்டு வாழ்ந்திருப்பாள். ஆனால் நகத்தளவு கறுப்பு முகத்தில், ஒரு கணத்தில், நான் எதைக் கண்டேன்?

"தெரியேல்லை" என்றேன். "பாக்க முந்தித் துடைச்சுப்போட்டன்."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து முதல் தரமாக அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். அதுவரை அவள் ஒரு அறையிலும் நான் ஒரு அறையிலுமாகத்தான் அழுதிருந்தோம்.

பிலிம் திரும்பக் கிடைக்க வெகுகாலம் ஆனது. இறக்குமதி திறந்துவிட்ட பிறகு கூட்டாளி கொழும்புக்குப் போய் வரும்போது ஒரு சுருள் வாங்கி வந்தான். "எடுக்கிறதும் விடுறதும் உன்ர விருப்பம்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனான். நான் அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். இனிக் கமராவைத் தொடுவதில்லை என்றிருந்தேன். எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. பிறக்காது என்றும் அப்போது தெரிந்துவிட்டது.

ஒரு ஞாயிறு காலை மனைவி அந்தச் சுருளையும் கமராவையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"இதைப் போட்டு, எப்பிடிப் பிடிக்கிறதெண்டு காட்டுங்கோ."

"எதை எடுக்கப்போறீர்?"

"உங்களை. நாளைக்கு உங்களுக்கு என்னவும் நடந்தா எனக்கு முகம் வேணும்."

வெளிச்சம் மிகவும் கடுமையாக இருந்தது. அந்த வெயிலில் முகத்தை எடுக்கக் கூடாது, கண்ணுக்குக் கீழே நிழல் விழும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கமராவை அவள் கையில் கொடுத்து, எங்கே அமத்துவது என்று காட்டிவிட்டு, கிணற்றடியில் போய் நின்றேன். அவள் கிட்ட வரச் சொன்னாள். இன்னும் கிட்ட வரச் சொன்னாள். இதற்கு மேலும் கிட்ட வந்தால் படம் மங்கும் என்ற அளவுக்கு வந்தேன். நேராகப் பார்க்கச் சொன்னாள். காதைக் காட்டச் சொன்னாள். வலது காது, பிறகு இடது காது. பிறகு கமராவை என்னிடம் தந்துவிட்டு, நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றாள். நானும் அவளை அப்படியே எடுத்தேன்.

முப்பத்தாறும் முடிந்தது. எல்லாம் எங்கள் இரண்டு பேருடைய முகங்கள். கூட்டாளி கழுவிப் பெருப்பித்துக்கொண்டு வந்து தந்தான். நன்றாக வந்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மனைவி ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலால் எது வலது, எது இடது என்று எழுதினாள்.